டாஸ் போடாத அம்பயர்

ஆட்டம் தொடங்கும் முன் காசு சுண்டாத அம்பயரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவருடைய விசிலுக்கு ஆடியிருக்கிறேன், அவர் கையால் ஆறிப்போன டீ குடித்திருக்கிறேன், ஒரு முறை அவரை நன்றாக ஏமாற்றியும் இருக்கிறேன். ஏமாற்றிய கதையை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் என் மேல் உங்களுக்கு மரியாதை போய்விடும். அதைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லாரும் அவரை அம்பயர் அக்கா என்போம். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் அது ரேஷன் கார்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. வாரத்தில் ஆறு நாள் நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் பெர்மனென்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காட்டன் புடவை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, சோடாபுட்டிக் கண்ணாடி, கழுத்தில் விசில். வலையோரம் போட்டிருக்கும் உயரமான இரும்பு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மைன்ஸ் ஜெனரல் மேனேஜரே வந்து கூப்பிட்டாலும் இறங்க மாட்டார்.

எங்கள் ஆட்டம் பால் பேட்மிண்டன். பூப்பந்து என்றும் சொல்வார்கள். மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த, எலுமிச்சம்பழம் அளவுப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். முதலில் முப்பத்தைந்து பாயிண்ட் எடுப்பவர்களுக்கு ஒரு கேம், மூன்றில் இரண்டு கேம் எடுத்தால் ஜெயிப்பு. டிவியில் காட்ட மாட்டார்கள், செய்தித்தாளில் மூலையில் கூடப் போட மாட்டார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் இதற்காகச் சாப்பாடு தூக்கம் விட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வியாதி. இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும். ஆட்டத்தில் மட்டும் இல்லை, எதிலும். ஒரு டீமை அதட்டினால் எதிர் டீமையும் திரும்பி ஒரு அதட்டல் போடுவார். "நாங்க என்னாக்கா பண்ணோம்?" என்று கேட்டால், "நீங்க ஒண்ணும் பண்ணல. அவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல" என்பார். சாயங்காலம் கடற்காற்று கிளம்பினால் கம்பளிப் பந்து பறக்கும் திசையே மாறிவிடும். அக்கா ஸ்டூலில் எழுந்து நின்று முந்தானையைத் தூக்கிப் பிடித்து, அது எந்தப் பக்கம் எவ்வளவு பறக்கிறது என்று பார்ப்பார். காற்று கூடினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காற்று குறையட்டும் என்று காத்திருப்பார். காற்றிடமும் ஒரு அதட்டல் போட முடியாத வருத்தம் அவர் முகத்தில் தெரியும்.

டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தான் கொண்டுவந்த பெரிய பிளாஸ்கிலிருந்து இரண்டு கேப்டன்களுக்கும் டம்ளரில் ஊற்றுவார். ஊற்றிவிட்டுக் குனிந்து, கண்ணை டம்ளர் விளிம்புக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒப்பிடுவார். இதிலிருந்து அதில் கொஞ்சம். அதிலிருந்து இதில் ஒரு சொட்டு. மறுபடியும் குனிவார். இந்த வேலை முடிவதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். அக்கா கையால் சூடாக டீ குடித்தவர் டவுன்ஷிப்பில் யாருமே இல்லை.

ஒரு தடவை ஒரே முகூர்த்தத்தில் வடலூரில் ஒரு கல்யாணம், பண்ருட்டியில் ஒரு கல்யாணம். இரண்டும் வேண்டப்பட்ட வீடு. அக்கா காலையில் வடலூரில் இட்லி சாப்பிட்டார், மத்தியானம் பண்ருட்டியில் பாயசம் சாப்பிட்டார். இரண்டு இடத்திலும் தாலி ஏறிய நேரத்தில் அவர் பஸ்ஸில் இருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் பண்ணேன்" என்று எங்களிடம் நிம்மதியாகச் சொன்னார். "ரெண்டு தாலியும் பாக்கல."

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் சில நேரம் பயமாகவும் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா இரண்டு பேர் நர்சரிக்கு வந்து ஆளுக்கொரு செம்பருத்திக் கன்று கேட்டார்களாம். ஒரு கன்றில் மொட்டு இருந்தது, இன்னொன்றில் இல்லை. அக்கா அந்த மொட்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு இரண்டையும் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டபோது, என்ன மனுஷி இவர் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த மொட்டு யாருக்கு என்ன பாவம் செய்தது?

காரணத்தை அக்காவின் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தங்கச்சி எங்கள் கான்ட்ராக்ட் கேங்கில்தான் இருந்தார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் பழுப்பு நிலக்கரியை வாரிக் கொட்டுகிற வேலை. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா ஏன் டாஸ் போடுவதில்லை என்று வாய் சும்மா இல்லாமல் கேட்டேன்.

"எங்க நெலம் மைன்ஸுக்குப் போச்சில்ல, அப்ப வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. நாங்க ரெண்டு பொண்ணு. எங்கப்பா யாருக்குன்னு குடுப்பாரு? காச சுண்டுனாரு. அவ பூ கேட்டா. பூதான் வுழுந்துது."

அவ்வளவுதான் சொன்னார். பூட்ஸைத் தட்டிக் கரித்தூளைக் கொட்டினார். அக்கா பெர்மனென்ட், தங்கச்சி கான்ட்ராக்ட். நடுவில் இருந்தது ஒரு காசு.

"கோவம் இல்லியா ஒங்களுக்கு?"

"எனக்கு என்னா கோவம்? அவதான் அன்னியிலேருந்து என்னப் போட்டுப் பாடாப் படுத்தறா. அவளுக்கு ஒரு பொடவ எடுத்தா எனக்கும் அதே கலரு, அதே பார்டரு. ரெண்டு பேரும் பேண்டு செட்டுக்காரனுங்க மாதிரி திரிஞ்சுகினு இருக்கறோம்."

அதற்குப் பிறகு அக்கா டீ டம்ளர் முன்னால் குனியும்போது நான் சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் அம்பயர் என்றால் தப்பும் வரும். கண்ணாடி போட்ட அம்பயர் என்றால் கொஞ்சம் கூடவே வரும். உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் அக்கா அதைத் திருப்பி எடுக்க மாட்டார். சொன்னது சொன்னதுதான். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். அதுதான் அடையாளம். அவர் கண்ணாடி துடைத்துவிட்டால், ஆட்டம் முடிவதற்குள் நஷ்டப்பட்ட பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துச் சரி பண்ணிவிடுவார். ஒரு தப்பை இன்னொரு தப்பால் சமன் செய்கிற இந்த முறை எந்த ரூல் புக்கிலும் இல்லை. ஆனால் அவர் விசிலுக்கு ஆடிய எல்லாருக்கும் தெரியும். யாரும் எதிர்த்ததும் இல்லை. இன்றைக்கு எதிர்ப்பக்கத்துக்குப் போனால் நாளைக்கு நமக்கு வரும் என்ற நம்பிக்கைதான்.

இனி அந்த ஆட்டம்.

எங்கள் ஊரில் பெண்களுக்கு இரண்டு போட்டி, இரண்டுக்கும் அக்காதான் அம்பயர். டவுன்ஷிப்புக்குள் குடியிருப்பு பிளாக்குகளுக்கு ஒரு லீக். எல்லா பிளாக் டீமும் எல்லா டீமோடும் ஆடி, கடைசியில் மேலே நிற்பவர்கள் சாம்பியன். வெளியே மந்தாரக்குப்பத்தில் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் நாக்அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் மட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீக்கில் குவார்ட்டர்ஸ்வாசிகள், நாக்அவுட்டில் எங்களைப் போல் கான்ட்ராக்ட் வேலைக்காரிகள். இரண்டு பக்கமும் தாங்கள்தான் உண்மையான சாம்பியன் என்று பேசிக்கொள்ளும். இது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பொங்கல் கழிந்து பனி குறைந்ததும், பந்து ஈரத்தில் கனக்காத முதல் ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சாம்பியனும் மோதித்தான் சீசன் தொடங்க வேண்டும் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். ஜெயிக்கிற டீமுக்கு அந்த சீசன் முழுக்க டவுன்ஷிப் கோர்ட் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. தோற்ற டீமுக்குக் காலை நேரம்.

பிளாக்காரர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். மந்தாரக்குப்பத்துப் பெண்கள் வந்து ஜெயிக்கப் போகிறார்களா என்ன? அவர்கள் நினைத்தது சரிதான். வருஷா வருஷம் கேப்டன் சுதாவின் பிளாக்தான் ஜெயித்தது. எல்.இ.டி. விளக்கு, சமப்படுத்திய செம்மண் தரை, சுற்றிலும் மரம். அதில் அவர்கள் ஆடுவதை நாங்கள் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்போம்.

நாங்கள் ஆடியது மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்குப் பின்னால் காலி மனையில். ஒரு பக்கம் வலையை மின்கம்பத்தில் கட்டுவோம், இன்னொரு பக்கம் முருங்கை மரத்தில். மரம் சாய்ந்தால் வலையும் சாயும். அந்த வருஷம் நாங்கள் நாக்அவுட் ஜெயித்த மறு வாரமே, மனைக்காரர் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கடைக்கால் தோண்டத் தொடங்கிவிட்டார். வேறு இடம் கிடையாது. காலை நேரம் எங்களுக்கு ஆகாது. ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஓபனிங் மேட்ச் ஜெயித்தால் மாலைக் கோர்ட் எங்களுக்கு. தோற்றால் அத்தோடு மட்டையைப் பரண்மேல் போட வேண்டியதுதான். ஐந்து பெண்களுக்கு இரண்டு மணி நேரம், அது மட்டும்தான் எங்கள் சொத்து.

இதில் ஒரு சிக்கல். ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன்கள் சுதாவும் நானும் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தோம். அக்கா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"ரெண்டுலயும் கோமதி இருக்கறாளே?"

கோமதி எங்கள் சென்டர். சென்டர் நன்றாக அமைந்துவிட்டால் மற்ற நாலு பேரும் பேசிக்கொண்டே ஆடலாம், அவள் அப்படி. கான்ட்ராக்டில் வேலை பார்ப்பதால் நாக்அவுட்டில் எங்கள் டீம். அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் தங்கியிருந்ததால் லீக்கில் சுதாவின் டீம். இரண்டு போட்டியின் விதியையும் அவள் மீறவில்லை. இரண்டையும் ஜெயித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு சாம்பியனும் மோதும்போது தான் எங்கே நிற்பது என்று அவள் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

"அவ எங்க பிளாக், மேடம்" என்றாள் சுதா.

"அவ எங்க கேங்கு" என்றேன் நான்.

"நீ சொல்லுடி கோமதி" என்றார் அக்கா.

கோமதி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "யாரு கூப்டாலும் ஆடறேன்க்கா" என்றாள்.

வேறு அம்பயராக இருந்தால் காசைச் சுண்டியிருப்பார். அக்கா ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டே இருந்தோம். கடைசியில் விசில் ஊதினார்.

"மொத கேம் அந்தப் பக்கம் ஆடட்டும். ரெண்டாவது கேம் இந்தப் பக்கம். அவ இல்லாத பக்கம் மாத்து ஆளு எறங்கட்டும். மூணாவது கேமுக்கு என் பக்கத்துல ஒக்காந்து ஸ்கோர் போடட்டும்."

இப்படி ஒரு தீர்ப்பை நீங்கள் எங்காவது கேட்டதுண்டா? ஆனால் யாராலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் கேம் கோமதி எங்களை அடித்துத் துவைத்தாள். முப்பத்தைந்துக்கு இருபத்தொன்று. எங்கள் பலவீனமெல்லாம் அவளுக்குத்தானே தெரியும். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வலைக்கு இந்தப் பக்கம் வந்து, அதே முகத்தோடு சுதாவைத் துவைத்தாள். அதுவும் முப்பத்தைந்துக்கு இருபத்தொன்று. ஸ்கோரைப் பார்த்த அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கேம். கோமதி ஸ்கோர் அட்டையோடு முறுக்குப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுதாவின் டீம் தினமும் மிதித்த தரை, அவர்களுக்குப் பந்து எங்கே எழும்பும் என்று காலே சொல்லும். எங்களுக்கு அது புதுத் தரை. அவர்களுக்குப் பதினொன்று, எங்களுக்கு ஒன்பது.

அப்போதுதான் நான் பின்கோட்டைப் பார்த்து ஒரு அடி அடித்தேன். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. இரண்டு விரற்கடை வெளியே. அடித்த எனக்கு நன்றாகத் தெரியும்.

"அவுட்" என்றார் அக்கா.

எனக்கு என்ன ஆனதோ. தோண்டிப் போட்ட கடைக்கால் மண் கண்முன் வந்தது. ஓடிப்போய்க் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ளக்கா! கோட்டு மேல வுழுந்துது! எல்லாரும் பாத்தாங்க! இது என்னா அநியாயம்?"

யாரும் பார்க்கவில்லை. நான் மண்ணை அள்ளிக் காட்டினேன், மார்பில் அடித்துக்கொண்டேன், சத்தியம் செய்தேன். பிள்ளை மேல் செய்யப் பயமாக இருந்தது, கையிலிருந்த மட்டை மேல் செய்தேன். அதுவும் என் மட்டை இல்லை, இரவல். எங்கள் டீம் பெண்களே என் கண்ணீரைப் பார்த்து நம்பிவிட்டார்கள்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சுதாவின் முகம் சுண்டிப்போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வேலை முடிந்துவிட்டது.

அந்தக் கண்ணாடித் துடைப்பு ஆட்டத்தையே மாற்றியது. எந்தப் பந்தில் அக்கா சரி பண்ணுவார் என்று தெரியாதே. சுதாவின் டீம் கோட்டுப் பக்கம் அடிக்கவே பயந்து, எல்லாப் பந்தையும் நடுவில் போட்டார்கள். நடுவில் வந்த பந்தை நாங்கள் திருப்பினோம். ஒன்பது பதினெட்டானது, பதினெட்டு முப்பதானது. கடைசியில் முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு. ஒரே ஒரு பாயிண்ட். சரி பண்ண வேண்டியது இன்னும் அப்படியே இருந்தது.

பந்து வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏழெட்டுத் தடவை போய் வந்தது. எனக்கு ஒன்று உயரமாக வந்தது. முழு பலத்தோடு அடித்தேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. இந்த முறை இரண்டு விரற்கடை எல்லாம் இல்லை. ஒரு சாண் வெளியே. ஐஸ் வண்டிக்காரர் கூடப் பார்த்தார்.

எல்லாரும் ஸ்டூலைப் பார்த்தோம். அக்கா கையை நீட்டி எங்கள் பக்கம் காட்டினார்.

"உள்ள. ஆட்டம் முடிஞ்சிது."

சுதா மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலுக்கு நேராக வந்து நின்றாள். "மேடம், அது ஒரு சாண் வெளியே."

"ஆமா."

"ஆமாவா?"

"பன்னெண்டுல என்னா நடந்துதுன்னு நீயும் பாத்த இல்ல?"

சுதா திரும்பிப் போய் மட்டையை எடுத்துக்கொண்டாள். அவளும் இந்த முறையில் பல பாயிண்ட் வாங்கியவள்தானே. அவள் வீட்டுக்காரர் ஆட்டம் முழுக்க செல்போனில் வீடியோ எடுத்திருந்தார், அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். பார்த்தார்கள். பன்னிரண்டாவது பாயிண்டின்போது அவருடைய கட்டைவிரல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டைவிரலால்தான்.

அன்றைக்கு எனக்கும் சுதாவுக்கும் அக்கா டீ ஊற்றினார். குனிந்து, ஒப்பிட்டு, சொட்டுச் சொட்டாகச் சரி பார்த்து, பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகு கொடுத்தார். நான் பாதிக்கு மேல் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அந்த விளக்கின் கீழ் ஆடினோம். கடைக்கால் தோண்டிய மனையில் செல்போன் கடை வந்தது. எங்கள் டீமில் ஒருத்தி, பிறந்ததிலிருந்து இவ்வளவு வெளிச்சத்தில் நின்றதில்லை என்றாள். எனக்குத்தான் அந்தப் பின்கோட்டில் ஒரு இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே நிற்காமல் தள்ளித் தள்ளி நிற்பேன். நர்சரியிலிருந்து திரும்பும் வழியில் அக்கா வேலியோரம் நின்று பார்ப்பார். "நல்லா ஆடுங்கடி" என்பார். அந்த நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டோமே என்று இருக்கும். ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் சரி பண்ணிவிடுவாரே! கோர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்.

அடுத்த வருஷம் கோமதிக்குக் கல்யாணம் ஆகி அவள் விருத்தாசலம் போய்விட்டாள். ஓபனிங் மேட்சில் சுதா எங்களை நேராக இரண்டு கேமில் முடித்தாள். ஆனால் ஒரு வருஷம் அந்தத் தரையில் ஆடியதில் எங்கள் ஆட்டம் எங்கேயோ போயிருந்தது. எங்களை விட்டால் ஆடுவதற்குச் சரியான டீம் இல்லை என்று சுதாவே செவ்வாய், வெள்ளிக்கு எங்களைக் கூப்பிட்டாள். இன்றைக்கும் போகிறோம். வாட்ஸ்அப் குரூப்பில் அவள்தான் அட்மின்.

அக்கா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். வடலூரில் ஒரே சுவரைப் பங்கு போடும் இரண்டு வீடு பார்த்து, ஒன்றில் அவரும் இன்னொன்றில் தங்கச்சியும் குடியேறினார்கள். இரண்டு வீட்டின் அறைகளையும் நூல் பிடித்து அளந்த பிறகுதான் வந்தார்கள் என்று கேள்வி. போன வருஷம் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தங்கச்சி கடைக்குப் போயிருந்தார். அக்கா அடுப்பில் டீ வைத்தார்.

அவர் முதுகு என் பக்கம் இருந்ததால் தைரியம் வந்தது.

"அக்கா, அந்த ஓபனிங் மேட்ச்ல பன்னெண்டாவது பாயிண்ட்டு..."

"ம்."

"அது அவுட்டுதான்க்கா. எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன்."

அக்கா திரும்பவில்லை. டீயைக் கிளறினார்.

"ரெண்டு வெரக்கட வெளிய" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"அந்த ஸ்டூலு மேல ஒக்காந்தா எல்லாம் தெரியும்டி."

"அப்ப கண்ணாடியத் தொடச்சீங்களே?"

அக்கா இப்போது திரும்பினார். சோடாபுட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் குறும்பில் மின்னின.

"நீ மண்ணுல பொரண்டு மட்டை மேல சத்தியம் பண்ற. ஊரே பாத்துகினு இருக்குது. நீ நடிச்சா நான் நடிக்கக் கூடாதா?"

இத்தனை வருஷம் சுமந்த பாவம் என் மடியிலிருந்து இறங்கி அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது அவருக்கு ஒரு கனமாகவே தெரியவில்லை.

"ஏங்க்கா அப்படிப் பண்ணீங்க?"

அவர் அடுப்பை அணைத்தார். இரண்டு டம்ளரை எடுத்து வைத்து டீ ஊற்றினார். ஒன்றில் விளிம்பு வரை வந்தது. இன்னொன்றில் ஒரு விரல் குறைவாக நின்றது. அவர் குனிவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குனியவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தார். தங்கச்சி வீட்டுச் சுவரை ஒரு கணம் பார்த்தார்.

"ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடக் குடுக்கணும்னு எனக்கும் ஆச இருக்காதா?" என்றார். "குடி. சுதாகிட்ட போயி ஒளறாத."

நிறைந்த டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

அவர் மனசு மாறி மறுபடி குனிவதற்குள் அவசர அவசரமாகக் குடித்துவிட்டேன். நாக்கு வெந்துவிட்டது.